மட்டையின் பிடியும் முழங்கையின் வலியும்

சில மாதங்களுக்கு முன் என் புறநோயாளர் அறைக்கு ஒருவர் தோளில் நீண்ட பையொன்றை மாட்டிக்கொண்டு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, வங்கி அலுவலர். பையைத் திறந்து மூன்று டென்னிஸ் மட்டைகளை எடுத்து என் மேசைமீது வரிசையாக வைத்தார். "இவற்றுள் எது என் கையைக் கெடுத்தது, டாக்டர்?" என்பதே அவருடைய முதல் கேள்வி. அருகில் அமர்ந்திருந்த அவர் மனைவியார், "காலையில் காபி டம்ளரைக்கூட இடக்கையால்தான் எடுக்கிறார். மட்டை மட்டும் மூன்றாவது வந்துவிட்டது" என்றார்.

சர்க்கரை நோய்க்கு உடற்பயிற்சி தேவை என்று அவரிடம் வலியுறுத்தியவர்கள் மருத்துவர்களாகிய நாங்களே. அவரும் அதைச் சிரமேற்கொண்டு, கல்லூரிக் காலத்தோடு விட்ட டென்னிஸை மீண்டும் தொடங்கி, வாரத்துக்கு ஆறு நாள் ஆடினார். மூன்றாம் மாதம் வலது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி வந்தது. உடன் ஆடுபவர் ஒருவர், "கைப்பிடி உங்களுக்குச் சிறியது; அதனால்தான் வலி" என்றார். பெரிய பிடியுள்ள மட்டை வந்தது, வலி போகவில்லை. அதைவிடப் பெரியதும் வந்தது. அதன்மேல் இரண்டு சுற்று உறையும் ஏறியது. வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவர் அவர்தாம். கைப்பிடியின் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்குச் செலவில்லை, ஓர் அளவுகோலும் இரண்டு நிமிடமும் போதும். ஆனால் முழங்கை வலிக்கு அதுவே காரணம், அதுவே மருந்து என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. முன்பு ஏற்றிருந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் அளக்கும் முறை. உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். குறுக்காக ஓடும் இரண்டு பெரிய ரேகைகள் தெரியும். விரல்களுக்கு அருகில் இருப்பதைக் கைரேகை பார்ப்போர் இருதய ரேகை என்பர். அதற்குக் கீழே இருப்பதைப் புத்தி ரேகை என்பர். அவர்கள் சொல்லும் பலன்களுக்கு நான் பொறுப்பல்ல. ஆயினும் அந்தப் புத்தி ரேகை நமக்கு இங்கே பயன்படுகிறது. மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அளவுகோலை வைத்து, அந்த ரேகையிலிருந்து மோதிர விரலின் நுனிவரை அளந்தால் கிடைக்கும் நீளமே உங்கள் கைப்பிடிக்கு உரிய சுற்றளவு. அமெரிக்க எலும்பு மருத்துவர் ராபர்ட் நிர்ஷல் பரப்பிய முறை இது; இன்றும் கடைகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான்.

கைப்பிடிகள் 4 அங்குலத்தில் தொடங்கி அரைக்கால் அங்குலம், அதாவது 1/8 அங்குலம், ஒவ்வொன்றாக ஏறுகின்றன. மட்டையின் அடிமுனையிலோ கழுத்துப் பகுதியிலோ 0, 1, 2, 3, 4 என எண்ணிட்டிருக்கும். 2 என்றால் நாலேகால் அங்குலம், ஏறக்குறைய 108 மில்லிமீட்டர். 3 என்றால் 4 3/8. 4 என்றால் நாலரை. உறையாகச் சுற்றும் ஓவர்கிரிப் ஒன்று ஏறத்தாழ வீசம் அங்குலம், அதாவது 1/16, கூட்டும். அரைக்காலும் வீசமும் நம் பாட்டனார் வாய்பாட்டில் மனப்பாடம் செய்த பின்னங்கள். எங்கும் மில்லிமீட்டர் ஆகிவிட்ட காலத்தில் அவை டென்னிஸ் மட்டையில் உயிரோடிருப்பது எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

அளவுகோல் இல்லையெனில் இன்னொரு வழியுண்டு. கைகுலுக்குவதுபோல் மட்டையைப் பிடியுங்கள். விரல் நுனிகளுக்கும் கட்டைவிரல் அடியிலுள்ள சதைமேட்டுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். அதில் மறு கையின் ஆள்காட்டி விரல் இறுக்கமின்றிப் பொருந்தினால் அளவு சரி. விரல் நுழையவே இடமில்லையெனில் பிடி சிறியது. விரலைச் சுற்றி இடம் மிஞ்சினால் பெரியது. இரண்டு அளவுகளுக்கு நடுவில் அமைந்தால் சிறியதையே வாங்குங்கள். சிறியதை உறை சுற்றிப் பெரிதாக்கலாம். பெரியதைச் சிறிதாக்குவது எளிதன்று.

அளவு தவறினால் என்ன ஆகும்? இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். இடக்கையால் வலது முன்கையின் வெளிப்புறத்தை, முழங்கைக்குச் சற்றுக் கீழே தொட்டுக்கொண்டு, வலக்கையை இறுக முட்டி பிடியுங்கள். விரல்களை மடக்கும் தசைகள் உட்புறம் இருக்கின்றன. ஆனாலும் வெளிப்புறத் தசை கல்போல் இறுகுவதை உணர்வீர்கள். விரல்கள் இறுகும்போது மணிக்கட்டு முன்னோக்கிச் சரிந்துவிடாமல் பின்னிருந்து இழுத்து நிறுத்துவது அந்தத் தசையின் வேலை. அதன் தசைநாண் முழங்கையின் வெளி எலும்புமுனையில் சிறிய இடமொன்றில் பற்றியிருக்கிறது. நீங்கள் எதை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அந்தச் சிறிய இடத்துக்குச் சுமை போகிறது.

பந்து மட்டையின் நடுவில் படாமல் ஓரத்தில் படும்போது மட்டை கைக்குள் திருகப் பார்க்கும். மெல்லிய பிடியில் அந்தத் திருகலைத் தடுக்கக் கூடுதலாக இறுக்கவேண்டும். தடித்த பிடி திருகலை எளிதில் தடுக்கும். ஆனால் விரல்கள் முழுமையாகச் சுற்றி வளைய முடியாததால் கை விரைவில் களைக்கும், சர்வீஸ் போடும்போது மணிக்கட்டு சுழலாது. நம் ஊர் வெயிலில் மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு: வியர்வை. நனைந்த பிடி வழுக்கும், வழுக்கினால் இறுக்குவோம். பழைய உறையை மாற்றாமல் ஆறு மாதம் ஆடுபவர், அளவு சரியாக இருந்தும் தவறான அளவின் துன்பத்தையே அனுபவிக்கிறார். இதை நான் அடிக்கடி காண்கிறேன். புதிய மட்டைக்கு ஆயிரக்கணக்கில் செலவிடத் தயங்காதவர்கள், சில நூறு ரூபாய் உறையை மாற்றுவதில் ஏனோ சிக்கனம் காட்டுகிறார்கள்.

இவ்வளவும் நியாயமான தர்க்கம். பட்டமேற்படிப்பு மாணவனாக இருந்தபோது நானும் இதைப் படித்தேன், நம்பினேன். முழங்கை வலியோடு வந்த ஆட்டக்காரர்களிடம், "முதலில் மட்டையை மாற்றுங்கள்" என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். பின்னர் 2006இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். படிக்க வேண்டிய காலத்தில் படிக்கவில்லை, தாமதமாகத்தான் படித்தேன். அமெரிக்காவில் கல்லூரி அணிகளுக்கு ஆடும் 16 பேரின் முன்கைத் தசைகளில் மின்வாய்களைப் பொருத்தி, நிர்ஷல் முறை பரிந்துரைத்த பிடி, அதைவிடக் கால் அங்குலம் சிறிய பிடி, கால் அங்குலம் பெரிய பிடி ஆகிய மூன்றாலும் பேக்ஹேண்ட் அடிக்கச் செய்து பார்த்தார்கள். தசைகளின் இயக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

அந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு. அவர்கள் வலியில்லாத, நன்கு பழகிய இளைஞர்கள். ஐம்பது வயதில் மீண்டும் தொடங்கியவர்கள் அல்லர். எனவே பிடியின் அளவு பொருட்டே அன்று என நான் சொல்லவில்லை. ஆனால், "மட்டையை மாற்றுங்கள், வலி போய்விடும்" என்று உறுதியாகச் சொல்லும் உரிமை எனக்கில்லை என்பதை அது உணர்த்தியது. என் சொல்லைக் கேட்டு எத்தனை பேர் வீண்செலவு செய்தார்களோ! செலவைவிட, புதிய மட்டை வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் ஓய்வும் பயிற்சியும் இன்றி அவர்கள் இழந்த மாதங்களே என்னை உறுத்துகின்றன. ரஃபேல் நடால் தம் பெரிய கைக்கு நாலேகால் அங்குலப் பிடியையே பயன்படுத்தினார் என்பதை டென்னிஸ் ரசிகர்கள் அறிவர். அவரைப் பார்த்து நாமும் சிறிய பிடி வாங்கவேண்டும் என்பதன்று. அளவுகோல் சொல்வது தொடங்குமிடம்தான், தீர்ப்பன்று என்பதற்கு அது சான்று.

இந்த நோய்க்கு டென்னிஸின் பெயர் வந்ததே ஒரு விபத்து எனலாம். ஜெர்மனியைச் சேர்ந்த ருங்கே என்ற மருத்துவர் 1873இல், எழுதுவோருக்கு வரும் கைநோவைப் பற்றிய கட்டுரையில் இதை விவரித்தார். புல்தரை டென்னிஸுக்கு இங்கிலாந்தில் விங்ஃபீல்டு காப்புரிமை பெற்றதோ 1874இல். 1880களில் அங்குள்ள மருத்துவ இதழ்கள் ஆட்டக்காரர்களின் கைவலியைப் பற்றி எழுதத் தொடங்கியபின் இப்பெயர் நிலைத்துவிட்டது. நம் நாட்டில் அது வீடுதோறும் அறிமுகமானது 2004இல், சச்சின் டெண்டுல்கருக்கு வந்தபோது. அவருக்கு வலித்தது இடது முழங்கை. 2005இல் லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் ஆடியது கிரிக்கெட்.

என்னிடம் இவ்வலியோடு வருவோருள் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டே இராதவர்கள். துணி பிழிபவர்கள், தண்ணீர்க்குடம் தூக்குபவர்கள், சப்பாத்திமாவு பிசைபவர்கள், திருப்புளியால் நாள் முழுதும் திருகும் தொழிலாளர்கள். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைத் தினமும் புரட்டிப் படுக்கவைக்கும் மருமகளும் அவர்களுள் ஒருவர். இவர்களிடம் "ஓய்வெடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைப்பது எளிது. அந்த மருமகள் எங்கே போய் ஓய்வெடுப்பார்? அவருக்கு உரியது ஓய்வன்று, சுமையைத் தூக்கும் முறையில் மாற்றம். உள்ளங்கை கீழ்நோக்கியிருக்கத் தூக்குவதே இந்தத் தசைநாணை அதிகம் வருத்துகிறது. உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, முழங்கையை உடலோடு ஒட்டி, இரு கைகளாலும் தூக்கினால் சுமை பெரிய தசைகளுக்குப் போய்விடும். நோயாளியின் அடியில் விரித்த துப்பட்டியைப் பிடித்து இருவராகப் புரட்டலாம்.

பிடியின் அளவைப் பற்றி நான் கற்றது டென்னிஸ் களத்தைவிடச் சமையலறையில்தான் அதிகம் பயன்பட்டது என்று சொன்னால் வியப்படைவீர்கள். காய்கறிக் கத்தியின் மெல்லிய கைப்பிடி, தோசைத் திருப்பியின் தகட்டுக் காம்பு, பக்கெட்டின் கம்பிக் கைப்பிடி ஆகியவை எல்லாம் கையை அளவுக்கு மீறி இறுக்கச் செய்பவை. சைக்கிள் டியூப் துண்டையோ பருத்தித் துணியையோ சுற்றிக் கட்டித் தடிமனாக்கினால் பலருக்கு வலி தணிகிறது. ஓவர்கிரிப்பையே கத்தியில் சுற்றிய இல்லத்தரசி ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மகன் ஆட்டக்காரன். விரல்மூட்டு வாதத்தாலோ பக்கவாதத்தாலோ பிடிமானம் குறைந்தவர்களுக்குக் கரண்டிக் காம்பில் நுரைக்குழாய் மாட்டித் தருவதும் இதே தத்துவந்தான். தாமே எடுத்து உண்ணும் அந்த ஒரு கவளத்தின் மதிப்பு, பக்கத்தில் இருந்து ஊட்டிவிட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மீண்டும் முழங்கைக்கு வருவோம். இந்த நோயில் தசைநாண் வீங்கிப் பழுக்கிறது என்று முன்பு கருதினோம். நாட்பட்ட நிலையில் அங்கே நடப்பது பெரும்பாலும் அழற்சி அன்று, இழைகளின் சிதைவு. பழுதுபார்க்கும் வேகத்தைத் தேய்மானம் முந்திவிட்டது என்று கொள்ளுங்கள். அதனால்தான் வலிநிவாரண மாத்திரைகள் சில நாளைக்குத் தணிப்பு தருகின்றனவே அன்றிக் குணப்படுத்துவதில்லை. பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் இது தானே அடங்கிவிடும். இதைச் சொன்னால் நோயாளிகளின் முகம் வாடிவிடுகிறது. "ஓராண்டா!" என்கிறார்கள். ஊசி கேட்கிறார்கள்.

ஸ்டீராய்டு ஊசி பற்றி என் கருத்து வெளிப்படையானது. போட்ட சில நாளில் வலி வெகுவாகக் குறையும், அதில் பொய்யில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் 165 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஊசி பெற்றவர்களின் நிலை மருந்தற்ற போலி ஊசி பெற்றவர்களைவிட மோசமாக இருந்தது. வலி திரும்பி வந்ததும் அவர்களுக்கே அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப்பின் சில நாள் இரத்தச் சர்க்கரை ஏறும் என்பதும் உண்டு. மகளின் திருமணம் அடுத்த வாரம் என்று கண்கலங்குபவருக்கு நான் ஊசி மறுப்பதில்லை. விலை என்ன என்பதைச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன்.

பயன் தருவது எளிய பயிற்சி. முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க, உள்ளங்கை கீழ்நோக்க அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைப் பிடியுங்கள். மறு கையால் தாங்கி மணிக்கட்டை மேலே நிமிர்த்தி, பின் தாங்கலை விட்டு, நான்கு எண்ணும்வரை மெல்ல இறக்குங்கள். பதினைந்து முறை; சற்று ஓய்வு; மீண்டும் பதினைந்து. சிறிது வலித்தால் அஞ்சவேண்டாம். மறுநாள் காலைவரை வலி நீடித்தால் புட்டியில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சில வாரங்களில் மாற்றம் தெரியத் தொடங்கும். இடையில் நிறுத்துபவர்களே அதிகம் என்பதால், வீட்டிலுள்ளோர் நாள்தோறும் நினைவூட்டுவது மருந்துக்குச் சமம்.

ஆட்டக்காரர்களுக்குக் கூடுதலாகச் சில: விட்டுப்போன ஆட்டத்தை வாரம் இரண்டு நாளில் தொடங்குங்கள். மட்டையின் கட்டிங் முறுக்கைச் சற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள். விறைப்பான பாலியஸ்டர் இழையைத் தவிருங்கள். பேக்ஹேண்ட் அடிக்கையில் மணிக்கட்டு மடங்கிய நிலையில் பந்தைச் சந்திப்பதே புதியவர்களின் பெரும்பிழை. பயிற்சியாளரிடம் திருத்திக்கொள்ளுங்கள், அல்லது இரு கைகளாலும் அடியுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். பள்ளிச் சீருடையை இரண்டு அளவு பெரியதாகத் தைப்பதுபோல், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரியவர்களின் 27 அங்குல மட்டையை ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கிறார்கள். சீருடை தொளதொளத்தால் நட்டமில்லை. மட்டை அப்படியன்று. 19 அங்குலம் தொடங்கி 26 வரை சிறுவர் மட்டைகள் கிடைக்கின்றன. உயரத்துக்கேற்ப வாங்கி, மேற்சொன்ன விரல் சோதனையை அவர்கள் கையிலும் செய்து பாருங்கள். வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பு வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. திரும்பத் திரும்ப வரும் சுமையால் அவை ஊறுபடக்கூடும். ஆகவே பிள்ளைக்கு முழங்கை வலித்தால், "டென்னிஸ் எல்போதான்" என்று நீங்களே பெயரிட்டுத் தைலம் தடவிக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களும் சில அறிகுறிகளைப் பிடியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. விரல்கள் மரத்துப்போவது, கழுத்திலிருந்து வலி இறங்குவது, முழங்கை பூட்டிக்கொள்வது, காய்ச்சலோடு மூட்டு வீங்குவது ஆகியவை வேறு நோய்களைக் காட்டலாம். கைவலியோடு நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் இருந்தால் எலும்பு மருத்துவரைத் தேடவேண்டாம்; நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

வங்கி அலுவலரின் கையை அளந்தோம். 4 3/8 வந்தது. அவர் முதலில் வாங்கிய மட்டையின் பிடி 4 1/4. ஓர் உறையையும் சேர்த்தால் குறை வெறும் வீசம். மூன்றாவது மட்டையோ நாலரை அங்குலம். இரண்டு உறைகளோடு அது அவர் கைக்குக் கால் அங்குலம் பெரிதாகியிருந்தது. முதல் மட்டைக்கே திரும்பினார். ஆறு வாரம் ஆடாமல் நடந்தார். தண்ணீர்ப் புட்டிப் பயிற்சியை அவர் மனைவியார் பக்கத்தில் நின்று எண்ணினார். இப்போது வாரம் மூன்று நாள் ஆடுகிறார். வலி முழுதும் போய்விட்டது என்று சொல்லமாட்டார்; குளிர்நாள் காலைகளில் சற்றுத் தெரிகிறதாம். காபி டம்ளர் வலக்கைக்கு வந்துவிட்டது. நாலரை அங்குல மட்டை விற்பனைக்கு இருக்கிறது.

ஐயமிருப்பவர்கள் மட்டையையோ கத்தியையோ கையோடு கொண்டுவாருங்கள். கத்தியைக் காகிதத்தில் சுற்றி, வாயிற்காவலரிடம் சொல்லிவிட்டு வருவது நல்லது. அளவுகோல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.